தையலுக்குள் போன பத்தி

பக்கங்களை எண்ணிக்கொண்டிருக்கிறார் தெய்வசிகாமணி. காலை எட்டரைக்கு நூலகத்தைத் திறந்ததும், அன்றைய நாளிதழ்களில் தாள் சரியாக இருக்கிறதா என்று எண்ணிய பிறகுதான் வாசகர் மேசைக்கு அனுப்புவார். சாயங்காலம் திரும்பவும் எண்ணுவார். ஒரு தாள் குறைந்தால், "யாருன்னா தெரியாம மடிச்சி வெச்சிருந்தா குடுத்துடுங்க" என்பார். "தெரியாம" என்பதை மட்டும் மெதுவாகச் சொல்வார். பெரும்பாலும் வந்துவிடும்.

அங்கே கூட்டிப் பெருக்குகிற எனக்கு இருபது வருடமாக அவரைத் தெரியும். மாதக் கடைசியில் அந்த மாத நாளிதழ்களை அவரே ஒரு கட்டாகச் சேர்த்துத் தைப்பார். சணல் நூல், கோணி ஊசி. அட்டை ஒட்டுகிற பசையில் மயில்துத்தம் கலப்பார், பூச்சி அண்டாது. நூலை இழுக்கும்போது கட்டைவிரல் வெளுத்துவிடும். சாமி பெயரைச் சொல்லித்தான் முடிச்சுப் போடுவார். எந்தச் சாமி என்று கேட்டேன். "அந்த மாசம் யாருக்குத் திருவிழாவோ அவருதான்" என்றார். டிசம்பரில் ஏசு.

இந்த வருடம் பழைய நாளிதழ்கள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் படம் பிடித்து சி.டி.யில் ஏற்றினார்கள். தையலைப் பிரித்துத் தரச் சொன்னபோது அவர் ஒப்பவில்லை. "நூல அறுத்தா தேதி கலஞ்சிடும். விரிச்சிப் புடிச்சி எடுங்க." அப்படியே எடுத்தார்கள். தைத்த கட்டுகள் எல்லாம் வெள்ளிக்கிழமை பழைய பேப்பர் கடைக்கு என்று உத்தரவு வந்தது. தெய்வசிகாமணி சாப்பாட்டு டப்பாவை மூன்று நாள் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

வியாழக்கிழமை எங்கள் ஊர்க் கதிர்காமத்திலிருந்து சலீமா என்றொரு பெண் வந்தார். பதினேழு வருடத்துக்கு முன் பேப்பரில் போட்ட பெயர் மாற்ற விளம்பரம் பாஸ்போர்ட்டுக்கு வேண்டுமாம். நூலக அதிகாரி விஜயராகவன் கம்ப்யூட்டரில் தேடினார். பக்கம் வந்தது. ஓரத்துப் பத்தியில் பாதி, தையல் மடிப்புக்குள் கறுப்பாக இருந்தது.

"பேர்ல பாதிதான் சார் இருக்கு" என்றார் சலீமா. "பாதி பேருக்கு பாஸ்போர்ட் தருவாங்களா?"

தெய்வசிகாமணி அந்த மாதக் கட்டைத் தூக்கி வந்தார். பிளேடால் தன் தையலைத் தானே அறுத்து, தாளை விரித்தார். பெயர் முழுதாக இருந்தது.

"அப்ப மத்ததெல்லாம்?" என்றார் அதிகாரி.

"எல்லாத்துலயும் ஓரம் உள்ளதான் சார் போயிருக்கும். நான்தான் இறுக்கித் தெச்சேன்."

பேப்பர் கடை வண்டி நாளைக்கு வர வேண்டாம், எல்லாவற்றையும் மறுபடி எடுக்கும்வரை கட்டுகள் இங்கேயே இருக்கட்டும் என்று அதிகாரி போனில் சொன்னார். பிறகு, இறுக்கித் தைத்ததற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ அடித்து தெய்வசிகாமணியிடம் நீட்டினார்.

அவர் நின்றபடியே முழுதும் படித்தார். கையெழுத்துப் போடாமல் மேசையில் திருப்பி வைத்தார்.

"கொஞ்சம் எடம் வுட்டு அடிச்சிக் குடுங்க சார். ஃபைல்ல தெச்சா எழுத்து உள்ள போயிடும்" என்று சொல்லி, தாளின் இடது ஓரத்தில் இரண்டு விரலை வைத்து அளந்து காட்டினார்.