உப்புப் பைக்குள் மாத்திரை

உனக்கு வேறு வேலையே இல்லையா? ஊரில் எத்தனை கல்யாணம், எத்தனை சண்டை, எத்தனை பேர் ஓடிப்போய்த் திரும்பி வந்தார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு என் மகளின் குடலைப் பற்றிக் கேட்கிறாய். முதலில் சோறு தின்றாயா? தின்றிருந்தால் செரிக்காது. தின்னாவிட்டால் இனிமேல் இறங்காது. அப்படியும் கேட்டே தீருவேன் என்றால் கேள். நடுவில் உச்சுக் கொட்டாதே. எனக்கு அது ஆகாது.

2004 கடைசியில்தான் கடல் உள்ளே வந்தது. அதற்கு ஏழெட்டு மாதம் முன்பே என் மூத்த மகளுக்கு வயிறு கெட்டுவிட்டது. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை போவாள், ரத்தமும் சளியுமாக. நானும் அவளும் மரக்காணம் அளத்தில் ஒன்றாக உப்பு வாரிக்கொண்டிருந்தோம். அளத்தைப் பார்த்திருக்கிறாயே, வெட்டவெளி, ஒதுங்க ஒரு செடி கிடையாது. அவள் உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு ஓடும்போதெல்லாம் நான் சத்தமாக ஏதாவது வம்பை ஆரம்பிப்பேன். மேஸ்திரியின் மீசை, பக்கத்துப் பாத்திக்காரியின் புருஷன், எது வாயில் வருகிறதோ அது. எல்லாரும் என் பக்கம் திரும்பிச் சிரிப்பார்கள். அதற்குள் அவள் கரை தாண்டிப் போய் வந்துவிடுவாள். எனக்கு இவ்வளவு நீளமாக வாய் வளர்ந்தது அப்படித்தான்.

பாண்டியில் கொண்டுபோய்க் காட்டினோம். பெருங்குடல் முழுக்கப் புண் என்றார் டாக்டர். இந்த வியாதி போகாது, அடக்கித்தான் வைக்க முடியும் என்றும் சொன்னார். சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். பத்தே நாளில் ரத்தம் நின்றது. இரண்டு மாதத்தில் ஒட்டிப்போன கன்னம் உருண்டு திரண்டு நிலா மாதிரி ஆகிவிட்டது. மாதாமாதம் வர வேண்டும், மாத்திரையை மெதுவாகக் குறைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். குறைத்தால் ரத்தம் வந்தது, கூட்டினால் நின்றது. இது எனக்கே தெரிந்துவிட்ட பிறகு டாக்டர் எதற்கு? காலி அட்டையைக் காட்டினால் மருந்துக் கடையில் புது அட்டை கொடுத்தார்கள்.

அந்த நிலா முகத்தைப் பார்த்துதான் பிரம்மதேசத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். நிலமும் எருமையும் உள்ள குடும்பம். வியாதியைச் சொன்னால் வெற்றிலையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவளுக்குக் கீழே இன்னொருத்தி வேறு இருந்தாள். நான் சொல்லவில்லை. கடல் வந்த மறு வருஷம் ஆவணியில் கல்யாணம் முடிந்தது.

இனி மாத்திரை போய்ச் சேர வேண்டுமே? அளத்துக்காரி சம்பந்தி வீட்டுக்குப் போனால் உப்பு கொண்டுபோவது எங்கள் பக்கத்து வழக்கம். மாதம் ஒரு தடவை ஒரு பை கல்லுப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். பையின் அடியில், பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றி, மாத்திரை அட்டைகள். உப்புப் பானையை நிரப்புவது மருமகள் வேலை. மாமியார் அந்தப் பைக்குள் கையே விடமாட்டாள். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

"எவ்ளோ உப்புதான் கொண்டாருவீங்க சம்மந்தி? நாங்க என்ன கருவாடா போடறோம்?" என்பாள் சம்பந்தி.

"உங்க வீட்ல பாலு அதிகம், எங்க வீட்ல இதுதான் அதிகம்."

"பாலுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. உங்க பொண்ணு மூஞ்சி இன்னும் உருண்டிருக்கு, பாத்தீங்களா? எல்லாம் எங்க எருமைப் பாலு. காலைல ஒரு சொம்பு, ராவுல ஒரு சொம்பு. நானே நின்னு குடிக்க வைப்பேன்."

"அதான பாத்தேன். எங்க வீட்ல இருந்தப்ப இவ்ளோ ரவுண்டா இல்லையே," என்று நானும் ஒத்து ஊதுவேன். மகள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பை அடக்குவாள்.

2006 ஆனியில் ஒரு நாள் அவளுக்கு வயிறு வீங்கி, தொட முடியாத வலி. நான் போய்ச் சேருவதற்குள் பாண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். உடனே ஆபரேஷன் என்றார்கள். டாக்டரம்மா ஒருத்தி வந்தாள். கட்டிலின் ஒரு பக்கம் நான், மறு பக்கம் சம்பந்தி.

"எத்தனை நாளா இப்படி? முன்னாடி ஏதாவது மாத்திரை போட்டாங்களா? முகம் ஏன் இவ்ளோ ரவுண்டா இருக்கு?"

"அது எங்க எருமைப் பாலு டாக்டர்," என்றாள் சம்பந்தி, பெருமையாக.

டாக்டரம்மா அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "நீங்க அம்மாவா? சொல்லுங்க."

என் மகளும் என்னையே பார்த்தாள். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். பிழைத்து எழுந்தாலும் இவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"ஆமாம்மா. பாலுதான்," என்றேன். "வயித்து வலி இந்த ஒரு வாரமாத்தான்."

என் மகள் கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

அழுகிப்போன பெருங்குடலை எடுத்துவிட்டு, வயிற்றின் ஓரத்தில் வழி வைத்து ஒரு பை மாட்டியிருந்தார்கள். நாலு நாள் ஜுரமே இல்லை. நான் வார்டு முழுக்கப் பீற்றிக்கொண்டேன். "அளத்துல வளந்த உடம்பு. எங்க கால்ல கல்லு கிழிச்சாகூட சீழ் வைக்காது." நர்சு பாட்டிலைத் திறந்து புண்ணைக் கழுவும்போது, அது என்ன தண்ணி என்று கேட்டேன்.

"உப்புத் தண்ணி ஆயா. சுத்தம் பண்ணது."

"அட, பாட்டில்ல அடைச்சிட்டா எங்க ஊரு தண்ணிக்கு இவ்ளோ மரியாதையா?"

வார்டே சிரித்தது. மகளும் சிரித்தாள்.

ஐந்தாம் நாள் நாற்றம் வந்தது. ஜுரம் அப்போதும் இல்லை. தையல் தானாகப் பிரிந்து, அடியிலிருந்து சீழ் வழிந்தது. பிளாஸ்திரியைப் பிரித்தால் வெங்காயச் சருகு மாதிரி தோலும் கூடவே வந்தது. பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. டாக்டரம்மா என்னை மட்டும் மாடிப்படி ஓரமாகக் கூப்பிட்டுக்கொண்டு போனாள்.

"ஆயா, பொய் சொல்லாதீங்க. இது பாலு குடிச்ச தோல் இல்ல."

சொல்லிவிட்டேன். இரண்டு வருஷ மாத்திரை, காலி அட்டை, உப்புப் பை, எல்லாம். அவள் சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இந்த வியாதிக்காரங்களுக்கு குடல்ல ஆபரேஷன் பண்ணா சீழ் பிடிக்கிறதுதான் பெரிய பயம்," என்றாள். "அந்த மாத்திரைய ரொம்ப நாள் போட்டவங்களுக்கு மூஞ்சி உருண்டுடும், புண்ணு சீக்கிரம் ஆறாது. உள்ள சீழ் வச்சாலும் ஜுரம் காட்டாது. திடீர்னு நிறுத்தவும் கூடாது. இங்க வந்ததுலேந்து அஞ்சு நாளா நின்னு போயிருக்கு. தெரிஞ்சிருந்தா மொத நாள்லேந்தே வேற மாதிரி பாத்திருப்போம்."

"அப்ப பொழைச்சிருப்பாளா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. எல்லாத்தையும் சொன்னவங்களுக்கும் சில சமயம் இப்படி ஆவுது."

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆமாம் என்றிருந்தால் கடலில் போய் விழுந்திருப்பேன். இல்லை என்றிருந்தால் நிம்மதியாகத் தின்று தூங்கியிருப்பேன்.

நரம்பு வழியாக என்னென்னவோ ஏற்றினார்கள். உள்ளே தேங்கிய சீழைக் கழுவ மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முந்தின மத்தியானம், சம்பந்தி டீ வாங்கப் போன நேரத்தில், மகள் என் முந்தானையை இழுத்தாள்.

"அம்மா, போன தடவ நீ கொண்டாந்த உப்புப் பை சமையல்கட்டுல இருக்குது. அடியில ஒரு அட்ட பாக்கி இருக்கு. எடுத்துடு. அத்தை கைல கெடைச்சா..."

"கெடைச்சா என்னடி? உங்க அத்தை அதை எருமைக்குப் போட்டுடுவா. எருமை மூஞ்சி இன்னும் ரவுண்டாயிடும்."

"சிரிக்க வைக்காதம்மா. வலிக்குது."

அதுதான் அவள் கடைசியாக என்னிடம் பேசியது. இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு வாயில் குழாய். சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். நாலாம் நாள் போய்விட்டாள்.

பிரம்மதேசத்து வாசலில் அவளைக் கிடத்தியபோது சம்பந்தி மாரில் அடித்துக்கொண்டாள். "எத்தனை சொம்பு பாலு ஊத்துனேன்டி! ஒரு சொட்டுகூட உன் உடம்புல நிக்கலையேடி!" பால் ஊற்றியது நிஜம். வேளை தவறாமல் ஊற்றியதும் நிஜம். அவளிடம் போய் நான் என்ன சொல்ல? அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடச் சேர்ந்து அழுதேன். எனக்கு ஒரு சிரிப்பும் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது நான் சமையல்கட்டுக்குள் போனேன். பை மூலையில் இருந்தது, பாதி தீர்ந்து. கையை விட்டுத் துழாவினால் அடியில் தட்டுப்பட்டது. வாசலில் நடமாட்டம். அட்டையை இடுப்பில் செருகினால் விழுந்துவிடுமோ என்று பயம். பையையே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். சம்பந்தி பார்த்தாள். பிறகு பந்திக்கு மோர் ஊற்றப் போனாள்.

மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் நின்றார்கள். ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "பாருடி, பெத்த மகளுக்குக் காரியம் முடிச்ச கையோட, குடுத்த உப்பத் திருப்பித் தூக்கினு வர்றா." இன்னொருத்தி நேராகவே கேட்டாள். "ஏன்க்கா, அதை அங்கியே வச்சிட்டு வரக் கூடாதா?"

நான் பையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டேன்.

"ஆடி மழையில நனைஞ்சிப் போச்சுடி. கட்டி தட்டிப்போன உப்ப சம்மந்தி வீட்ல வச்சிட்டு வந்தா நம்ம அளத்துக்கு என்னா மரியாத? அதான் தூக்கினு வந்துட்டேன்."