திசையன்விளையில் கெட்டிமேளம்

காலை ஆறரைக்குத் திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் திசையன்விளை வண்டி ஏறினேன். டவுன் பஸ் என்றால் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. இதற்கு ஐம்பது ரூபாய் அழ வேண்டியிருந்தது. என்னோடு வேலை பார்க்கும் செல்வராணிக்கு அன்று கல்யாணம். விவாகரத்தாகி ஐந்து வருடம் கழித்து நடக்கும் இரண்டாம் கல்யாணம். இப்படிப்பட்டதை எங்கள் பக்கம் விடிவதற்குள் ஏதாவது கோயிலில் சத்தமில்லாமல் முடித்துவிடுவார்கள். இவளோ மண்டபம் பிடித்து மேளமும் வைத்துவிட்டாள்.

இட்டமொழியில் ஏறிய அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. முகத்தில் மட்டும் கல்யாணக்களை இல்லை. பேச்சுக் கொடுத்தால், மாப்பிள்ளையின் அக்காவேதான்.

"எந்தம்பிக்கு இது மொதக் கல்யாணம். வேற பொண்ணா கெடைக்கல? ஊர்ல கேக்கவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல? கடைசி வரிசையில இருந்து பாத்துட்டு வந்துருவேன். மேடை ஏற மாட்டேன்."

தம்பி விவாகரத்தானவனாகவும் பெண் புதுசாகவும் இருந்தால் இந்த அம்மாள் முதல் வரிசையில் இருந்திருப்பாள். எனக்கு எரிச்சலாக வந்தது. வாயை மூடிக்கொண்டு பனைமரங்களைப் பார்த்தேன். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டால் மற்ற இரண்டையும் அவன் உடன்பிறந்தவள் போடுவதுதான் வழக்கம். இவள் ஏறாவிட்டால், செல்வராணியை அந்த வீடு ஏற்கவில்லை என்று சபையே சொல்லிவிடும்.

மண்டபத்தில் முதல் வேலையாகச் செல்வராணியிடம் போய்ச் சொன்னேன். அவள் கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டே, வந்துவிட்டார்களல்லவா, அது போதும் என்றாள்.

ஒன்பதரைக்கு மேல் முகூர்த்தம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தான். முடிச்சுப் போட அவன் சித்தப்பா மகள் முன்னால் வந்தாள். செல்வராணி நிமிர்ந்து, அவள் நாத்தனாரும் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்த கடைசி வரிசையைப் பார்த்தாள்.

"மைனி வரட்டும். அதுவரைக்கும் நான் இப்படியே இருக்கேன்."

மேளக்காரர் கையை நிறுத்திவிட்டார். நல்ல நேரம் போகிறதென்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். மாப்பிள்ளை தாலியோடு அசையாமல் இருந்தான். அந்த அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு கைப்பையை என் மடியில் போட்டுவிட்டு விறுவிறுவென்று மேடை ஏறினாள்.

கெட்டிமேளம் முழங்க, இரண்டு முடிச்சையும் நன்றாக இறுக்கிப் போட்டாள். என்ன இருந்தாலும் ரெண்டாவதுதானே என்று யாரோ முனகியது அவள் காதில் விழுந்துவிட்டது.

"ரெண்டாவதுன்னு இனி ஒருத்தரும் சொல்லப்பிடாது. எங்க வீட்டப் பொறுத்தவரைக்கும் இது மொதக் கல்யாணந்தான்."

பேருந்தில் புலம்பிய அதே பேச்சு. சந்தோஷத்தில் அழுதே விட்டேன்.

எங்கள் தெருவிலும் இப்படி இரண்டு மறுமணங்களுக்கு விடியற்காலையில் போயிருக்கிறேன்; மேளம் கேட்டதில்லை. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, இட்டமொழி வரை சேர்ந்து போகலாமா என்று அந்த அம்மாளைக் கேட்டேன்.

"புதுப்பொண்ண வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி வெளக்கேத்தச் சொல்ல வேண்டாமா? நான் போயிட்டா இங்கன யாரு இருக்கா?"

மறுபடியும் வாயை மூடிக்கொண்டு பேருந்து ஏறினேன், இந்த முறை சிரித்துக்கொண்டே.