நகத்தில் ஏறிய நீலம்

ரோச்சோர் கால்வாய்ப் பக்கத்துச் சாயப் பட்டறையில் ரத்தினம்மாவைத் தெரியாதவர் கிடையாது. பதினோரு வருஷம் நீலத் தொட்டியில் கை விட்டவள். முழங்கை வரை நீலம் ஏறியிருக்கும். அந்தக் கையை நீட்டி விபூதி வாங்க அவள் ஒரு நாளும் கூசியதில்லை. கூச என்ன இருக்கிறது? உழைத்த கை.

கறை எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கடையில் விற்கும் பொட்டலச் சாயம் என்றால், எலுமிச்சை மூடியில் சீனியைத் தொட்டுத் தேய்க்கச் சொல்வாள். கால் மணி நேரத்தில் நகம் உட்பட வெளுத்துவிடும். தொட்டி நீலம் அப்படியல்ல. தோல் பத்து நாளில் விட்டுவிடும், நகம் விடாது. புது நகம் வளர்ந்து வந்தால்தான் உண்டு.

1957இல் உடன் வேலை செய்த ரபியாவின் கை காரத் தண்ணீரில் வெந்துபோனது. பட்டறையைப் பார்க்க வந்த முதலாளியின் எதிரிலேயே போய் நின்றாள் ரத்தினம்மா.

"தவுக்கே, எங்களுக்கு ரப்பர் கையுறை வாங்கிக் குடுங்க."

மறுநாள் அவளுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கொதித்து எழுந்தவள் பாக்கியலட்சுமிதான். ரத்தினம்மாவிடம் தொழில் பழகியவள், சொந்தத் தங்கையாகவே ஒட்டிக்கொண்டவள். மற்றப் பெண்களைக் கோயில் வாசலுக்குக் கூட்டிப்போய், அக்காவைத் திரும்பச் சேர்க்கும்வரை யாரும் தொட்டியில் கை வைப்பதில்லை என்று கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்யவைத்தாள். எல்லாரும் பட்டறை வாசலில் உட்கார்ந்தார்கள். பாக்கியம் மட்டும் இரண்டே நாளில், தஞ்சோங் பகாரில் மாமியாருக்கு முடியவில்லை என்று போய்விட்டாள்.

ஐந்து வாரம் ஓடியது. பட்டறை மூடிக் கிடந்தும் நீலத் துணி மட்டும் கடைகளுக்கு எப்படியோ போய்க்கொண்டிருந்தது. பூன் லே பக்கம் முதலாளி ஒரு கொட்டகை போட்டிருப்பதாகப் பேச்சு. அங்கே நீலத்தைக் கரைத்துப் புளிக்கவைத்துத் தொட்டியைக் கட்டுவது யார் என்றுதான் தெரியவில்லை. ரத்தினம்மாவின் கைகள் வெளுத்துவிட்டன. நகத்தில் அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு வெள்ளையாக வளர்ந்திருந்தது.

ஒரு மத்தியானம் பாக்கியம் அவள் அறைக்கு வந்தாள். கையெல்லாம் நீலம்.

"அக்கா, நாளைக்கு என் மக லீலாவைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. பழைய சேலைக்குப் பொட்டலச் சாயம் போட்டேன், கை இப்படி ஆயிடுச்சு. எடுத்து விடுங்கக்கா."

"இதுக்கா இப்படி முழிக்கிறே? உட்காரு லா."

ரத்தினம்மா எலுமிச்சை அரிந்து, அந்தக் கையை மடியில் வைத்துத் தேய்த்தாள். கால் மணி ஆயிற்று. அரை மணியும் ஆயிற்று. நீலம் அசையவில்லை. விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். நகம் வேர் வரை ஒரே நீலம், வெள்ளைக் கோடு ஒரு நூல் அளவுகூட இல்லை.

"பூன் லேயில தொட்டி கட்டுறது நீதானா?"

பாக்கியம் தலை குனிந்தாள். "உங்க இடத்தை எனக்குத் தர்றேன்னாருக்கா. லீலா கல்யாணம் இருக்குல்ல..."

"என்கிட்ட கேட்டிருந்தா நானே போன்னு சொல்லியிருப்பேனேடி! கற்பூரத்தை வேற ஏத்தினியே!"

அந்தக் கையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். மறுநாள் பட்டறை வாசலுக்குப் போய், "எனக்காகப் பட்டினி கிடந்தது போதும், உள்ள போங்க" என்று மற்றவர்களை அனுப்பிவைத்தாள். பாக்கியத்தின் பெயரை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் லீலா கல்யாணம் நடந்திருக்குமா?

அடுத்த வருஷம் அந்தக் கல்யாணத்துக்கு ஃபேரர் பார்க்கிலிருந்து நடந்தே போனாள். அப்போது அவள் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பந்தியில் பாக்கியமே சோறு பரிமாற வந்தாள். வாளியும் கரண்டியும் பிடித்த விரல்களில் பத்து நகமும் பளிச்சென்று வெளுத்திருந்தன.

"தொட்டி வேலையை விட்டுட்டியா?" என்று கேட்டாள் ரத்தினம்மா.

"இல்லக்கா." பாக்கியத்தின் குரல் இறங்கியது. "தவுக்கே கையுறை வாங்கிக் குடுத்துட்டாரு."

ரத்தினம்மா சோறு விழுந்த இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்தாள்.