அக்கா எழுதிய வரிசை விதிகள்

கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடிக் கட்டடத்தில் இருக்கும் கண் கிளினிக்குக்கு நான் ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். நோயாளி வந்து பெயர், வயது, ஊர், கூட வந்தவர் எல்லாம் பதிந்ததும் அது ஒரு நம்பர் கொடுக்கும்; அடுத்து யார் உள்ளே போக வேண்டும் என்று சுவரிலுள்ள திரையில் காட்டும். அவ்வளவுதான். வேலை முடிந்தது, இனி அந்தப் படிகளை ஏற வேண்டியிருக்காது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாளே தொலைபேசி வந்தது. பேசியவர் வரவேற்பு மேசையில் இருக்கும் அக்கா. தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்தவர், கிளினிக் தொடங்கிய நாளிலிருந்து அந்த மேசையில் இருப்பவர்.

"மிஸ், எழுபது வயசு தாண்டினவங்கள முன்னுக்கு அனுப்பணும். இது நம்பர்படிதான் கூப்புடுது. கொஞ்சம் வந்து மாத்திக் குடுங்களேன்."

என் வீடு இருக்கும் குண்டசாலையிலிருந்து பஸ் ஏறிப் போய் மாற்றிக் கொடுத்தேன். அடுத்த வாரம், கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டவர்களை அரை மணி நேரம் கழித்துத்தான் கூப்பிட வேண்டும் என்றார். பிறகு கைக்குழந்தையோடு வருபவர்கள். ஒவ்வொரு முறையும் நான் நிரலைத் திறந்து, மாற்றி, கணினியை நிறுத்தி மறுபடி ஓடவிட வேண்டும். அதுவரை கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், கண் சரியாகத் தெரியாதவர்கள் உட்பட.

நான்காம் முறை போனபோதுதான் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த தாளைக் கவனித்தேன். யார் முதலில், யார் பிறகு, யார் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று அக்கா வரிவரியாக எழுதி வைத்திருந்தார். நான் நிரலுக்குள் சிக்கலாக எழுதியிருந்ததைவிட அது தெளிவாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று. இந்த விதிகளை வைத்திருப்பவர் இவர். நான் ஏன் நடுவில் நிற்கிறேன்?

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் சிரித்துக்கொண்டே சந்தேகப்படுபவர்.

"வரிசை விதிய எல்லாம் வெளிய ஒரு ஃபைல்ல வச்சிடலாம் டாக்டர். அக்காவே எழுதுவாங்க. ப்ரோக்ராம் அதப் படிச்சு, அதும்படி நடக்கும்."

"அவ பிழையா எழுதினா?"

"திருத்திக்குவாங்க."

"ஓம், அதுவரைக்கும் நான் யன்னலால குளத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறன்" என்றார். ஆனால் சம்மதித்தார்.

ஒரு வாரம் பிடித்தது. 'வயது', 'மருந்து', 'முன்னுக்கு', 'பொறுக்க' என்று பத்துப் பன்னிரண்டு சொற்களை மட்டும் மென்பொருளுக்குப் புரியும்படி செய்தேன். 'வயது 70க்கு மேல் என்றால் முன்னுக்கு' என்று அக்கா தட்டச்சு செய்து சேமித்தார். திரையில் ஒரு தாத்தாவின் நம்பர் மேலே ஏறியது. அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு இரண்டாவது வரியைத் தொடங்கினார்.

பத்து நாள் நிம்மதி. பிறகு ஒரு காலை, திரை யாரையுமே கூப்பிடவில்லை. மருந்து விட்டவர்கள் விடாதவர்களுக்குப் பின்னால் என்று ஒரு வரி. விடாதவர்கள் விட்டவர்களுக்குப் பின்னால் என்று இன்னொரு வரி. எல்லோரும் எல்லோருக்காகவும் காத்திருந்தார்கள். டாக்டர் வெளியே வந்து நோயாளிகளோடு ஒரு கதிரையில் உட்கார்ந்துவிட்டாராம்.

நான் பதறிக்கொண்டு தொலைபேசியை எடுத்தால், அக்கா நிதானமாகச் சொன்னார்: "கடைசி வரிய அழிச்சிட்டேன் மிஸ். சரியாப் போச்சு. ஆனா ரெண்டு வரி சண்ட போட்டா அது முன்னாடியே சொல்லணும். அத நீங்கதான் செய்யணும்."

செய்தேன். ஒன்றுக்கொன்று முரணான வரிகளைச் சேமிக்கவிடாமல் அது இப்போது காட்டிக்கொடுக்கும். தவறினால் முந்தைய நாள் விதிகளுக்குத் திரும்பவும் ஒரு வழி வைத்தேன்.

அந்த வேலையாகப் போயிருந்தபோது, கோப்பில் எனக்குப் புரியாத ஒரு வரி இருந்தது: 'தனியாள், மருந்து, ஊர் ஒன்று என்றால் அடுத்தடுத்து.'

"இது என்னக்கா?"

"மருந்து விட்டா சாயங்காலம் வரைக்கும் கண்ணு மங்கலாத்தான் இருக்கும். பஸ் போர்டு வாசிக்க ஏலாது. தனியா வந்தவங்க என்ன செய்வாங்க? அதான் தெல்தோட்டைக்காரங்க ரெண்டு பேர் இருந்தா ஒண்ணா முடிய வைக்கிறேன். ஒருத்தருக்கொருத்தர் துணையாப் போயிடுவாங்க."

அன்று மதியம் அதைக் கண்ணாலேயே பார்த்தேன். காலையில் தனித்தனியாக வந்த இரண்டு பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். ஒருத்தி மற்றவளின் குடையையும் சேர்த்துப் பிடித்திருந்தாள். நான் எழுதிய மென்பொருள்தான். ஆனால் இப்படி ஒன்றைச் செய்ய முடியும் என்று எனக்கே தெரியாது.

போன மாதம் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். பத்தரை மணிக்குத் தேத்தண்ணி குடிக்கப் பத்து நிமிடம் யாரையும் அனுப்பாமல் இருக்க ஒரு வழி செய்ய முடியுமா என்று கேட்டார்.

"எங்கிட்ட இல்ல டாக்டர், அக்காகிட்டதான் கேக்கணும்" என்றேன்.

அவர் எழுந்து வரவேற்பு மேசைக்குப் போனார். அக்கா கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"அஞ்சு நிமிஷம் தரலாம் டாக்டர். எழுதிப் பாக்கிறேன்."