கிரேக்க அதிகாரியிடம் மூன்று தடவை கேட்ட கேள்வி: அருப்புக்கோட்டை முதல் எங்கள் கண்மாய் வரை

தை மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை அருப்புக்கோட்டைக்குப் போய், திருச்சுழி வழியாக வீடு திரும்பினேன். இதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்காதீர்கள், கூட வந்தவர் கிரேக்க நாட்டுக்காரர். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் போனில் தட்டுகிறாள். தட்டியதைத் திருப்பி வாசிக்கவும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் திருச்சுழிக்குத் தெற்கே நாலு கிலோமீட்டர். கண்மாய் மடை திறந்து தண்ணீர் பாய்ச்சுவது நாற்பது வருடம் என் வேலை. எந்த வருடம் எந்தக் கல் வரைக்கும் கண்மாய் பெருகியது என்று இன்றும் சொல்வேன். அதைக் கேட்டுப் புத்தகம் எழுத வேலையை விட்டுவிட்ட ஒரு கிரேக்கப் பொருளாதார அதிகாரி வருகிறார் என்று மதுரைக் கார் டிரைவர் செல்வம் போன் போட்டான்.

நான் நம்பவில்லை. எங்கள் பக்கம் புதுக் கார் வந்தால் சோலார் தகடு பதிக்க நிலம் பார்க்கத்தான் வரும். அப்படி வந்தவன் நீட்டிய காகிதத்தில் என் அண்ணன் குத்தகை என்று நினைத்துக் கைநாட்டு வைத்தான். அது கிரயப் பத்திரம். என் மூன்று குறுக்கம் கரிசல் நிலத்தை ஒட்டி இருந்த அவன் நிலம் முழுக்க இன்று தகடுதான். அதனால், "ஊருக்குள்ள வர வேணாம். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க, நானே வாரேன்" என்றேன். ஆள் கூட்டத்தில் வைத்து முதலில் பார்த்துவிடலாமே.

காலை 6.40 பஸ், டிக்கெட் இருபது ரூபாய். 7.30க்கு டீக்கடையில் அவரைப் பார்த்தேன். பெயர் பெட்ரோஸ். எழுபது வயதை ஒட்டியவர், ஒட்டுப் போட்ட செருப்பு.

"உத்தியோகத்த ஏன் விட்டாகன்னு கேளு தம்பி."

செல்வம் இங்கிலீஷில் கேட்டுச் சொன்னான்: "வயசாயிருச்சாம் ஐயா. ரிட்டையர்டு."

நான் மனதில் வைத்துக்கொண்டேன். எழுத்து தெரியாதவன் எதையும் குறித்துவைக்க முடியாது. அதனால் சந்தேகப்பட்ட ஆளிடம் ஒரே கேள்வியைக் காலையில், மதியம், பொழுது சாய என்று மூன்று தடவை கேட்பேன். பதில் எங்கே பிசகுகிறது என்று பார்ப்பேன்.

திருச்சுழி அங்கிருந்து சுமார் பதினேழு கிலோமீட்டர். செல்வத்தின் காரில் போகும் வழியில் அவர் கதை வந்தது. வறண்ட தீவில் ஆடு மேய்த்தவர் மகன். வரி ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, படித்து உயர்ந்து, நாலு மந்திரிகளுக்குக் கணக்கு சொல்லும் இடத்தில் உட்கார்ந்தவர். சொல்லிக்கொண்டே ஜன்னல் வழியாகக் காடுகரையைப் பார்த்தார்.

"நெலத்த எதுக்கு இப்படி முழிச்சு முழிச்சுப் பாக்காக?"

"அவுக ஊரு மாதிரியே இருக்காம் ஐயா."

"அவுக ஊருல சோலார் தகடு இருக்கா?"

"நெறைய இருக்காம்."

என் சந்தேகம் இன்னும் கூடியது.

திருச்சுழிக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் மகரிஷி பிறந்த வீட்டைத்தான் முதலில் கேட்பார்கள். இவர் கேட்கவே இல்லை. அதையும் மனதில் வைத்துக்கொண்டேன். மதியச் சாப்பாடு எண்பது ரூபாய். மோர்ச் சோறு ஓடிக்கொண்டிருக்கும்போது உத்தியோகக் கேள்வியை மறுபடி கேட்டேன். "புது மந்திரி வந்தாராம், இவுகளுக்கு ஒத்துவரலையாம்" என்றான் செல்வம்.

"காலையில வயசுன்னாக?"

"வக்கீலு கெட்டாரு போங்க! சோத்தத் தின்னுங்க ஐயா."

ஊருக்குள் விடாமல் நேரே கூட்டிவந்தேன், நாலு மணிக்குக் கண்மாய்க் கரை. தண்ணீர் மூன்றாம் கல்லில் நின்றது. வருட வருடமாகச் சொன்னேன், பெட்ரோஸ் எழுதினார். முடித்ததும் செல்வம் பையிலிருந்து ஒரு காகிதமும் மை டப்பாவும் எடுத்தான். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"பாத்தியா, கடைசியில வந்துருச்சு."

"ஒங்க பேச்சப் புத்தகத்துல போடச் சம்மதம்னு ஒரு கைநாட்டு. வேற ஒண்ணுமில்ல."

"எங்கண்ணங்கிட்டயும் வேற ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க. மொதல்ல கேளு, உத்தியோகத்த ஏன் விட்டாக?"

அண்ணன் கதையையும் சேர்த்துச் செல்வம் அவரிடம் சொன்னான். பெட்ரோஸ் எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார். அவர் நாட்டுக் கஜானா காலியான வருடங்களில் பென்ஷனைக் குறைக்கும் உத்தரவை எழுதியவரே அவர்தானாம். தீவில் அவருடைய அண்ணனும் பென்ஷன்காரர். போய்ப் பார்த்தபோது, "அதைப் படித்துப் பார்த்தாயா?" என்று ஒன்றுதான் கேட்டாராம் அண்ணன்.

"இவுக என்ன சொன்னாக?"

"ஒரு வரி விடாமப் படிச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன்னாகளாம். அண்ணன் கதவச் சாத்திட்டாராம். அந்த மாசமே வேலைய விட்டுட்டாக."

"இத ஏன் காலையில சொல்லல?"

"பஸ் ஸ்டாண்டுல வச்சுச் சொல்ற சங்கதியா ஐயா இது?"

பதில் விளங்கியது. ஆனாலும் என் நிலம் என் நிலம்தான். "நான் நெலம் வாங்க வரல, யாருக்கும் வாங்கித் தரவும் மாட்டேன்னு தமிழ்ல எழுது. அவுக பெருவெரல வைக்கட்டும். கையெழுத்து வேணாம், அது அவுக நெறையப் போட்டுட்டாக."

செல்வம் தயங்கித் தயங்கித்தான் சொன்னான். பெட்ரோஸ் விரலை மையில் தோய்த்து அழுத்தினார். நீலமான விரலை வெகுநேரம் பார்த்தார். நான் கைநாட்டு வைக்கவில்லை. "எம் பேச்சுல சந்தேகம்னா மூணு தடவை கேக்கச் சொல்லு, மாறாது" என்றேன்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: தைக்குப் பிறகு வந்தால் கண்மாயில் தண்ணீர் இருக்காது. திருச்சுழி தாண்டினால் டீக்கடை குறைவு, குடிதண்ணீர் கொண்டு வாருங்கள். மதுரையிலிருந்து கார் வாடகை 2,800 ஆனதாம். யாரிடமும் எதை வேண்டுமானாலும் கேளுங்கள், மை டப்பாவை மட்டும் வெளியே எடுக்காதீர்கள்.

பெட்ரோஸ் விரல் வைத்த காகிதம் என் பெட்டியில் இருக்கிறது. எழுதியது செல்வம் அல்லவா? மருமகளிடம் வாசிக்கச் சொன்னேன். பிறகு ரேஷன் கடைக்காரரிடம் காட்டினேன், மறுநாள் பஸ் கண்டக்டரிடமும். மூன்று பேரும் நான் சொன்ன அந்த ஒன்றையேதான் வாசித்தார்கள்.