கண்ணீரில் கண்ட பிறை

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி எங்கள் கரையோரத்தைப் புரட்டிப் போட்டுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கல்முனைக்குப் பக்கத்தில், மருதமுனையில் இருந்தோம். நான் ஆசிரியை. கணவரின் கைத்தறிகள் கூரைக்கு அடியில் நசுங்கிக் கிடந்தன. கிணறுகளில் என்னென்னவோ மிதந்தன. எங்களுக்கு ஒரே மகள், மூன்று வயது.

ஊரில் வயிற்றோட்டம் பரவியது. வாந்திபேதி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "அந்த வருத்தம்" என்றே சொன்னார்கள். கிணறுகளுக்கு மருந்து போட ஆட்கள் வந்தார்கள். மருந்துத் தண்ணீரைக் குடித்து வரிப்பத்தான்சேனையில் பிள்ளைகள் இறந்துவிட்டார்களாம் என்ற கதை அவர்களுக்கு முன்னமே வந்துவிட்டது.

ஒரு நாள் விடியும்போதே மகளுக்கும் தொடங்கியது. தண்ணீர் கொடுத்தேன், உடனே போய்விட்டது. மறுபடி கொடுத்தேன், மறுபடியும் போனது. வயிற்றைக் காயப்போடு என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. நிறுத்தினேன். போவது குறைந்தது. ஆனால் வெயில் ஏறுவதற்குள் கண்கள் குழி விழுந்துவிட்டன. அழுதாள், கண்ணீர் வரவில்லை. கணவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

பாடசாலை மண்டபமொன்றைத் தற்காலிக வைத்தியசாலையாக்கி இருந்தார்கள். யாழ்ப்பாணப் பக்கத்து இளம் டொக்டர் ஒருவர் மகளின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். "உடனே தண்ணி குடுக்க வேணும்" என்றார்.

கணவர் தயங்கினார். "கிணத்து மருந்தால புள்ளைகள் மௌத்தாகுதாமே சேர்?"

டொக்டர் தலை நிமிராமலே கேட்டார்: "பிறை ஆர் கண்டது?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறையைக் கண்ணால் கண்ட சாட்சி இருந்தால்தான் எங்களுக்குப் பெருநாள். அந்த வருடம் எங்கள் ஊரில் இரண்டு நாள் பெருநாள். பிறை கண்டதாக வந்த சாட்சியை ஒரு பகுதியார் ஏற்றார்கள், மற்றவர்கள் ஏற்கவில்லை. "எனக்கு ரெண்டு நாளும் சாப்பாடு வந்தது. அதால நல்லா ஞாபகம்" என்றார் டொக்டர். "சொல்லுங்கோ, செத்த பிள்ளையளை நீங்கள் கண்டனீங்களோ?"

"இல்ல சேர். மீன்காரர்தான் சொன்னார்."

"அவர் கண்டவரோ?"

"அவருக்குச் சாகாமம் ஊருல ஒராள் சொன்னதாம்."

வரிசையில் நின்ற ஒரு பெண், "அந்த ஆள் பிறை பாக்க எந்த மரத்துல ஏறினாராம்?" என்றாள். சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது.

"மத்தவங்கட கதைய விடுங்க சேர். நான் என்ட கண்ணால கண்டேன். தண்ணி குடுக்கக் குடுக்கப் போச்சு. நிப்பாட்டினதும் குறைஞ்சிட்டு."

"நீங்கள் கண்டது மெய்தான் டீச்சர். ஆனா அது மேகம், பிறையில்லை. உள்ளுக்குத் தண்ணி முடிஞ்சதாலதான் குறைஞ்சது."

"அப்ப நீங்க எந்தப் பிறையக் கண்டீங்க?"

அவர் கோபிக்கவில்லை. "உப்பும் சீனியும் போட்ட தண்ணியில இப்பிடிக் கிடந்த பிள்ளையள் எழும்பினதை இந்த மண்டபத்திலயே கண்டனான். அது நிச்சயம். கிணத்து மருந்தில கிருமி சாகும், அதுவும் நிச்சயம். ஆனா அதோட வருத்தம் ஊரை விட்டுப் போகுமோ, தெரியாது. தடுப்பூசி கொஞ்சம் உதவும் எண்டு படிச்சனான். எவ்வளவு எண்டு தெரியாது."

"என்ட புள்ள?"

"குடுத்தால் தப்புவா எண்டு நம்புறன். குடுக்காட்டில் தப்பமாட்டா."

எல்லாவற்றுக்கும் நிச்சயம் என்றிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். தெரியாததைத் தெரியாது என்றாரே, அதனால்தான் தெரியும் என்றதை நம்பினேன்.

கொதித்தாறிய தண்ணீரில் உப்பையும் சீனியையும் டொக்டரே கலந்தார். சுவைத்துவிட்டு என்னிடம் நீட்டினார். "கண்ணீரை விட உப்பாயிருக்கக் கூடாது. கரண்டி கரண்டியாக் குடுங்கோ. அழேக்கை கண்ணீர் வருதோ எண்டு பாருங்கோ. அதுதான் உங்கட பிறை."

கணவர் மகளை மடியில் வைத்துக்கொண்டார். நான் ஊட்டினேன். முதலில் வாந்தி எடுத்தாள். கொஞ்சம் பொறுத்து ஊட்டினேன், வழக்கம்போல் போய்விட்டது. என் கை நின்றுவிட்டது. கணவரின் சாரன் நனைந்திருந்தது. அவர் மெதுவாகச் சொன்னார்: "மேகம் புள்ள, மேகம். நீ குடு."

பின்னேரம், பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன நேரம். மகள் கரண்டியைத் தட்டிவிட்டு வீறிட்டு அழுதாள். இடது கண்ணோரத்தில் ஏதோ மெல்லிய கீற்றாக மின்னியது. என் கண்களும் நிறைந்திருந்ததால் நம்ப முடியவில்லை. "இஞ்ச பாருங்க, எனக்கு மட்டுந்தானா தெரியுது?"

கணவர் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "நானும் கண்டேன்" என்றார்.

எந்த மரத்தில் ஏறினார் என்று கேட்ட அந்தப் பெண், பெருநாள் இரவு போல "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் சொன்னாள். டொக்டர் வந்து விரலால் அந்தத் துளியைத் தொட்டார். "ரெண்டு சாட்சி. ஏற்கலாம்."

மகள் இப்போது பெரிய வகுப்பில் படிக்கிறாள். சீப்பைக் காணவில்லை என்றாலும் அழுவாள். நான் முதலில் கண்ணைத்தான் பார்ப்பேன். தறியில் இருந்தபடியே, "பிறை தெரியுதா?" என்று கணவர் கேலி செய்வார். பிறகு தானும் எழுந்து வந்து குனிந்து பார்ப்பார். டொக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். சண்டை நடக்கும் இந்தக் காலத்தில் எங்கே, எப்படி இருக்கிறாரோ. நோய்க்காலத்தில் யார் எதை உறுதியாகச் சொன்னாலும், நானே கண்ணால் கண்டாலும், அது பிறையா மேகமா என்று ஒரு தரம் என்னையே கேட்டுக்கொள்கிறேன். அப்போதெல்லாம் அவர் அன்று சொன்ன அந்தத் "தெரியாது" ஒரு கையைப் போல என்னைப் பிடித்துக்கொள்கிறது.