ஜன்னல் வரிசையின் நான்காம் விதி

பச்சை அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. மூலையில் ஓட்டை போட்டுக் கோத்த சணல் கயிறு இன்னும் அறுந்துவிடவில்லை. ஹைதராபாத் அமீர்பேட்டில் நான் பாடம் நடத்திய கணினிப் பயிற்சி நிலையத்தின் லேபில், கதவோரம் ஓர் ஆணியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கவிட்டவர் லேப் மேடம். திருநெல்வேலிப் பக்கம் இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு வந்து, இங்கே இருபது கணினிகளைக் கட்டி மேய்த்தவர். யாருடைய கணினி உறைந்துபோகிறதோ அவர், அதை மறுபடி துவக்கும் முன், தேதி, நேரம், கணினி எண் குறித்து, ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பற்றி ஓர் இயற்பியல் விதி எழுத வேண்டும் என்பது அங்கே வழக்கம். நேரம் போடாமல் எழுதினால் நோட்டைத் திருப்பி நீட்டுவார். "அளவு இல்லன்னா அது விதி இல்ல, வெறும் பொலம்பல்" என்பார்.

முதல் மூன்று விதிகள் அவர் எழுதியவை. உறைந்த கணினி, பவர் பட்டன் மேல் வெளிவிசை ஒன்று செயல்படும்வரை உறைந்தே இருக்கும். அப்டேட் எப்போது முடியும் என்பதையும் அது என்ன செய்கிறது என்பதையும் ஒருசேர அறிய முடியாது. தொண்ணூற்றொன்பது சதவீதத்தை நெருங்க நெருங்கக் காலம் மெதுவாகும். நூற்றைத் தொட்டவர் எவருமில்லை. நான்காவதை மாணவர்கள் எழுதினார்கள்: "லேப் மேடம் பார்த்துக்கொண்டிருக்கும்வரை ஜன்னல் வரிசைக் கணினி உறையாது." உண்மைதான். அவர் அறையில் இருந்தால் அந்த ஐந்து கணினிகளும் பெட்டிப் பாம்பாய் அடங்கியிருக்கும். வரிசையே நின்றுபோனதெல்லாம் அவர் வெளியே போன நேரங்களில்தான். திரும்பி வந்து அவர் துவக்கினால் ஒழுங்காக ஓடும். மேடத்துக்கு இதில் கொஞ்சம் பெருமைகூட.

முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னல் வரிசையில் உட்கார்ந்தவர்கள் பக்கத்து நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். வேலை போனால் அதே கட்டடத்தின் மாடி ஹாஸ்டலில் வேலையோடு கிடைத்த இடமும் போகும். மேடம் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த ஐந்து கணினிகளிலும் ஆபரேட்டிங் சிஸ்டத்தை நான்கு முறை அழித்து மறுபடி போட்டார். பலனில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட, ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் இருப்புக் கொள்ளவில்லை. நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய், சிரிப்பை விட்டுவிட்டு நேரத்தை மட்டும் படித்தேன். ஜன்னல் வரிசைக் குறிப்புகள் எல்லாமே பதினொரு மணியை ஒட்டியவை. அதுவும் ஒன்றுவிட்டு ஒரு நாள். நாள் பார்த்துக் கோபித்துக்கொள்ளும் மென்பொருளை நான் கேள்விப்பட்டதில்லை.

அடுத்த முறை உறைய வேண்டிய நாளில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். பதினொரு மணிக்கு மேடம் எழுந்தார். "நீ இரு, இன்னைக்குத் தண்ணி வார நாளுல்லா, மோட்டாரப் போட்டுட்டு வந்துருதேன்" என்று இறங்கிப் போனார். ஹாஸ்டலுக்குத் தண்ணீர் ஏற்றும் பொறுப்பை வார்டன் அம்மா அவரிடம்தான் விட்டிருந்தார். மின்விசிறி ஒரு கணம் சோர்ந்தது. திரை உறைந்தது. கீழே மோட்டார் உறுமத் தொடங்கியது.

ஓடினேன். படிக்கட்டின் அடியில், சுவிட்சில் வைத்த விரலை அவர் இன்னும் எடுத்திருக்கவில்லை. மூன்று முறை போட்டு நிறுத்திப் பார்த்தோம். மூன்றாம் முறை நான் சுவிட்சைப் போட, அவர் மேலே நின்று பார்த்தார். யுபிஎஸ் செத்துப்போன அந்த வரிசையை யாரோ ஒரு காலத்தில் மோட்டார் லைனிலேயே சேர்த்துவிட்டிருந்தார்கள்; மோட்டார் கிளம்பும்போதெல்லாம் மின்னழுத்தம் சரிந்து கணினிகள் உறைந்திருக்கின்றன. நான் ஏறி வந்தபோது உறைந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். "பிசிக்ஸ் படிச்சவ நானுல்லா" என்று மட்டும் சொன்னார். யாருக்கும் தெரியாமல் வயரை மாற்றிவிடலாம் என்றேன். "தேதி நேரத்தோட எழுதிவச்சிட்டு எப்படி மறைக்கது?" என்று நோட்டை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

முதலாளி மூன்று தலைமுறையாக ஹைதராபாத்தில் இருக்கும் தமிழர்; பேச்சில் அந்த ஊர் உருது கலந்துவிடும். "ஹவ்... ஆமாவா? நீங்களே நிறுத்தி, நீங்களே வந்து சரி பண்ணி, ஒரு வருஷமாவா?" என்றார். பக்கங்களைப் புரட்டியவர் மூன்றாம் விதியில் சிரித்துவிட்டார். "நக்கோ, வேணாம் மேடம், அழாதீங்க. முதல்ல எலக்ட்ரீஷியனக் கூப்பிடுங்க." மாதக் கடைசி வந்தது, போனது, வேறு ஆள் பார்ப்பதைப் பற்றி அவர் மறுபடி பேசவேயில்லை.

மேடம் இப்போது திருமுல்கேரியில் ஒரு பள்ளியில் இயற்பியல் சொல்லித்தருகிறார். போகும்போது நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். போன வாரம் குகட்பள்ளி வீட்டில் என் மடிக்கணினி தொண்ணூற்றொன்பதில் நின்றபோது, திட்ட வாயெடுத்தவள் இழுப்பறையைத் திறந்தேன். நான்காம் விதியின் மேல் ஒரே ஒரு கோடு. கீழே அவருடைய கையெழுத்து: "திருத்தம். கணினி நிரபராதி. பார்வையாளர் வெளியே போய் என்ன செய்கிறார் என்று முதலில் பார்க்கவும்." பக்கத்தில் வழக்கம்போல் தேதி, நேரம். கணினி எண் எழுத வேண்டிய இடத்தில் தன் பெயரை எழுதியிருந்தார்.